பேர் சொல்லக்கூடாத அரைமணி நேரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முகப்பேர் சமூகநலக் கூடத்தின் மாடிப்படி ஏறும்போது எழிலரசியிடம் இரண்டு தப்புகள் இருந்தன. ஒன்று, மேடையில் சொல்வதற்காக ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பழைய தப்பு. மற்றது முந்தாநாள் செய்தது. முதலாவதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாவது வெளியே தெரிந்தால், பதினொரு வருஷமாகப் பார்த்த வேலை போகும். நாளைக்குக் கிடைக்கப்போகிற வேலையும் போகும். எதைச் சொல்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யாருக்குத்தான் இருக்கும்?

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பந்தத்தின் பட்டறையில் தரம் பார்ப்பவள். வேன், சின்ன பஸ் பிரேக்குக்குள் உட்காரும் விரல் நீள இரும்புப் பின் அங்கே தயாராகிறது. கடைந்து வரும் பின் சரியான பருமனில் இருக்கிறதா என்று கேஜ் என்கிற வளையத்தில் விட்டுப் பார்த்து, ‘சரி’ என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வண்டி ஏறும். வேலை பொறுப்பான வேலை, சம்பளம் மட்டும் பொறுப்பில்லாதது. பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, பதினொரு வருஷத்தில் அவள் கண்ட பதவி உயர்வு ஒரு சுழல் நாற்காலி. அதிலும் ஒரு சக்கரம் கிடையாது.

சங்கத்தில் அவளைச் சேர்த்துவிட்டது பேக்கிங்கில் இருக்கும் ஆக்னஸ். ஆக்னஸ் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டுத்தான் தப்பிக்க முடியும்.

“இன்னா எழிலு நீ, இந்த ஆளுக்கே ஒழைச்சிகினு கீற? சங்கத்துல சேருடி. பெரிய கம்பெனிக்காரன்லாம் வருவான். மூஞ்சி தெரிஞ்சாதான் வேல. பயோடேட்டா அனுப்பிகினே இருந்தா கெழவி ஆயிடுவ.”

ஆக்னஸ் சொன்னது அப்படியே நடந்ததுதான் ஆச்சரியம். மேற்குச் சென்னை தரப் பரிசோதகர் சங்கம் என்று பெயர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ‘இது சரி, இது கழிவு’ என்று கையெழுத்துப் போடுகிற நாற்பது பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். முதல் மாதம் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாவது மாதம், வகுப்பெடுத்தவர் பலகையில் போட்ட கணக்கில் ஒரு பிசகைக் கண்டு மெதுவாகக் கை தூக்கினாள். சங்கச் செயலாளர் கிருபாகரன் அன்றைக்கே அவளைக் கவனித்துவிட்டார். அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரப்பிரிவுத் தலைவர். மூன்றாவது மாதம் தனியாகக் கூப்பிட்டு, “எங்க லேபுக்கு இன்சார்ஜ் தேடுறோம்மா. அடுத்த மீட்டிங் முடிஞ்ச மறுநாள், திங்கட்கிழமை பத்து மணிக்கு எம்.டி.யை வந்து பாருங்க. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்,” என்றார். அன்றைக்கு ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காராமல் பட்டாபிராம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷம்!

அதற்கு முன்னால் தாண்ட வேண்டியது ஒன்று இருந்தது. கூட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தைச் சங்கத்தில் ‘என் தப்பு’ என்பார்கள். மாதம் இரண்டு மூன்று பேர் எழுந்து, வேலையில் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அடுத்தவன் விழுந்த பள்ளத்தில் நாம் விழாமல் இருப்பதற்கு. புதிதாகச் சேர்ந்தவர் நாலாவது மாதம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகுதான் உறுப்பினர் அட்டை. அந்த அரைமணியில் செல்போன் எல்லாம் வாசலில் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் கூடைக்குப் போய்விடும். யாரும் எழுந்து போகக்கூடாது. எந்தக் கம்பெனியின் பேரையும் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே எடுத்துப் போகக்கூடாது. மீறினால் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரரின் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, அரைநாள் முழுக்க நல்ல பின்னையெல்லாம் கழித்துத் தள்ளிய கதையைச் சொல்லலாம் என்று எழிலரசி முடிவு செய்திருந்தாள். நல்ல கதை. யாருக்கும் கெடுதல் இல்லாத கதை.

அந்த ஏற்பாடு வெள்ளிக்கிழமை கெட்டது. கெட்டது என்று தெரிந்தது சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு.

அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் இரண்டு புது கேஜ்கள் கிடைத்தன. பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழைய பின் கொஞ்சம் ஆடுகிறது என்று அதை வாங்கும் பிரேக் கம்பெனிக்காரர்கள் துளையையும் பின்னையும் பெரிதாக்கிப் புது வரைபடம் அனுப்பியிருந்தார்கள். வரைபடம் மாறினால் அன்றைக்கே பழைய கேஜை எடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். அது அவள் வேலை. அவள் பூட்டவில்லை. ஆபரேட்டர் பழைய கேஜை வைத்தே மெஷினை அமைத்தான். அவளும் பழைய கேஜிலேயே பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டி போய்விட்டது. ஒவ்வொரு பின்னும் அரை முடி கனம் குறைச்சல். புதுத் துளையில் அது ஆடும். ஆடி ஆடித் தேயும். தேய்ந்தது ஏதோ ஒருநாள் ஓடுகிற வண்டியில் கழன்று விழும்.

சம்பந்தத்திடம் ஓடினாள். அவர் பொடி மட்டையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“அர முடி கனம். எவம்மா அத்த பாக்கப் போறான்?”

“சார், அது பிரேக்கு.”

“தெரியுது, தெரியுது. திங்கக்கெழமதான பிரேக்குல மாட்ட லைன்ல ஏத்துவான்? காலைல ஆறு மணிக்கு புது லாட்ட அனுப்பி, பழச நைசா தூக்கிகினு வந்துடலாம். அங்க ஸ்டோர்ல நம்ம ஆளு கீறான். நீ வாயத் தொறந்தின்னா ஆர்டரு பூடும். அல்லாரும் தெருவுலதான் நிக்கணும், சொல்ட்டேன்.”

அவள் நம்பினாள். நம்புவதற்குத் தோதாக இருந்தது என்று சொல்வது இன்னும் சரி. திங்கள் காலை ஆறு மணிக்குப் பெட்டி மாறிவிடும், பத்து மணிக்குத் தன் வாழ்க்கை மாறிவிடும், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தள்ளிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள்.

இப்போது கூடத்தில் அந்த அரைமணி நேரம் ஆரம்பமாகியிருந்தது. போன்கள் கூடைக்குப் போய்விட்டன. பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் அனஸ் எழுந்து தன் தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கிரைண்டிங்லேர்ந்து சுடச்சுட எடுத்தாந்தேன். அளந்தா அல்லாமே பெருசு. நாப்பது பீசையும் காயலான் கடைக்குத் தூக்கிப் போட்டேன். அங்க போய் ஆறிட்சி. ஆறினதும் காயலான் கடைக்காரன் போன் பண்றான், ‘பாய், இதெல்லாம் கரீக்டாத்தான கீது?’ன்றான்.”

கூடமே சிரித்தது. சூட்டில் இரும்பு பெருக்கும் என்பதை மறந்துபோன மனுஷனை யார்தான் சிரிக்காமல் விடுவார்கள்? எழிலரசியும் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த உத்தமன் சிரித்துக்கொண்டே கொட்டாவி விட்டான். அவன் அந்தப் பிரேக் கம்பெனியில் உள்ளே வரும் பொருள்களைப் பரிசோதித்து வாங்குகிற பிரிவில் இருப்பவன். சங்கத்தில்தான் பழக்கம். அக்கா, அக்கா என்று பிரியமாக இருப்பான்.

“தூங்கலையா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எங்கக்கா தூங்கறது? இன்னைக்கும் லைன் ஓடுது. ஸ்கூல் வேன் ஆர்டர், ஒரே அவசரம். பதினோரு மணிக்கு உங்க பின்னுதான் ஏறுது.”

அவளுக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. “எந்தப் பின்னு?”

“வெள்ளிக்கிழமை வந்துச்சே, ரெண்டு பெட்டி.”

“நீங்க... அளந்து பாத்தீங்கல்ல?”

உத்தமன் செல்லமாகக் கோபித்துக்கொண்டான். “உங்க லாட்டையா? மத்தவங்கள்துன்னா அம்பது எடுத்து அளப்பேன். உங்க கையெழுத்தப் பாத்துட்டு பெட்டியவே தொறக்கலக்கா. கிருபாகரன் சாரே மெச்சுற ஆளு நீங்க. உங்கள்தப் போயி அளந்தா எனக்குத்தான் அசிங்கம்.”

அடப்பாவி! இந்த ஒரு தடவை அசிங்கப்பட்டிருக்கக் கூடாதா? பேர் தெரியாத யாரோ ஒருத்தியின் கையெழுத்தாக இருந்திருந்தால் அளந்திருப்பான், பிடித்திருப்பான், திருப்பி அனுப்பியிருப்பான். மூஞ்சி தெரிந்ததுதான் வினையாகிவிட்டது. சுவரில் கடிகாரம் பத்து முப்பத்தெட்டு காட்டியது. உத்தமனிடம் சொல்ல வாயெடுத்தாள்.

“அடுத்து எழிலரசி. வாங்கம்மா,” என்று கிருபாகரன் கூப்பிட்டார்.

மேடைக்குப் போய் நின்றாள். நாற்பது முகங்கள். “எனக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி,” என்று ஆரம்பித்தாள். “எங்க வீட்டுக்காரருக்கும்...” அதற்கு மேல் வரவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, “அது இல்ல. வேற சொல்றேன்,” என்றாள்.

சொன்னாள். வரைபடம் மாறியது, கேஜைப் பூட்டாமல் விட்டது, கையெழுத்துப் போட்டது, அரை முடி கனம், இரண்டு பெட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். தன் கம்பெனி பேரையும் சொல்லவில்லை, போன இடத்தின் பேரையும் சொல்லவில்லை. “வெள்ளிக்கிழமை போச்சு. இன்னும் யாரும் பாக்கல,” என்று முடித்தாள். உத்தமன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

“சார்,” என்று எழுந்தான். “அந்த லாட் எங்க போச்சுன்னு மட்டும்...”

“உத்தமன், கேக்கக்கூடாது. தெரியும்ல?” கிருபாகரனின் குரல் கடுமையாக இல்லை, ஆனால் உறுதியாக இருந்தது. “இங்க கேட்டத ஒருத்தர் வெளிய கொண்டுபோய், சொன்னவருக்கு வேலை போச்சு. ரெண்டு பிள்ளைங்களோட எட்டு மாசம் அலைஞ்சாரு. அன்னைக்கு வச்ச ரூல் இது. உக்காருங்க.”

உத்தமன் உட்கார்ந்தான். அவன் ரூலுக்குக் கட்டுப்படுகிறவன். கட்டுப்படுகிறவன் என்பதால்தான் அந்த வேலையில் இருக்கிறான்.

கிருபாகரன் எழிலரசியின் பக்கம் திரும்பினார். “இந்த மேடையில எல்லாரும் பத்து வருஷத்துக்கு முந்தின தப்பத்தான் சொல்லுவாங்க. முந்தாநாள் தப்பச் சொல்ல நெஞ்சுரம் வேணும்,” என்று சொல்லிக் கைதட்டினார். கூடமே தட்டியது. உறுப்பினர் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இத இங்கயே விட்டுடுங்க. வெளிய கம்ப்ளெயின்ட்டா உங்க பேரு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எங்க கம்பெனியும் பல இடத்துக்குச் சப்ளை பண்ணுது, கம்ப்ளெயின்ட் இருக்கற ஆள எடுக்க மாட்டாங்க. நாளைக்குப் பத்து மணி, மறக்காதீங்க.”

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. கைதட்டும் வாங்கியாகிவிட்டது. அட்டை கையில், வேலை நாளைக்கு. இதைவிட சுகமாக ஒரு பாவத்தைக் கழுவ முடியுமா?

ஆனால் பெட்டி இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது!

கடிகாரம் பத்து நாற்பத்தொன்பது. அடுத்தவர் எழுந்து ஏதோ தராசைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தமன் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். “அக்கா,” என்றான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. எந்தப் பெட்டி என்று ஊகித்திருப்பான்; ஆனால் அவளாகப் பேர் சொல்லாமல், உள்ளே கேட்டதை வெளியே கொண்டுபோய் லைனை நிறுத்த அவனுக்கு உரிமையில்லை. அரைமணி என்று பேர்தான், கூட்டம் முடியப் பதினொன்றேகால் ஆகும். அதற்குள் முதல் பெட்டி காலியாகிவிடும். பின் பிரேக்குக்குள் போய் மூடி விழுந்துவிட்டால் அப்புறம் எவன் கண்ணுக்கும் தெரியாது. ஜூன் மாதம் ஒரு மஞ்சள் வேன், உள்ளே பையும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது பிள்ளைகள். அவளுக்கு உள்ளங்கை வியர்த்து, புது அட்டை ஈரமாயிற்று.

பயம்தான். மறைப்பானேன்? சுழல் நாற்காலியும் சம்பந்தத்தின் பொடி மட்டையுமாகப் பட்டது ஆயுசுக்கும் போதாதா என்று இருந்தது. இந்த ஒரு வேலைக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை! கடிகாரம் பத்து ஐம்பது காட்டியதும், எழுந்தாள்.

“சார், நான் இன்னும் முடிக்கல.”

“உங்களது முடிஞ்சுதும்மா.”

“முடியல சார். அந்தப் பின்னு அம்பத்தூர் எஸ்டேட்ல சம்பந்தம் பட்டறையில போட்டது.”

“எழிலரசி!” கிருபாகரன் மேசையைத் தட்டினார். “பேர் சொல்லாதீங்க. சொன்னா என் கையில இல்ல.”

“உத்தமன், உங்க கம்பெனிக்குத்தான் வந்திருக்கு. பதினோரு மணிக்கு ஏத்தப் போறீங்களே, அதே ரெண்டு பெட்டி. என் கையெழுத்த நம்பாதீங்க. ஓடுங்க தம்பி!”

உத்தமன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கூடையைக் கவிழ்த்தான். நாற்பது போன்களில் பாதி ஒரே மாதிரி கறுப்பு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான், கடைசியில் கிடைத்தது. லைன் சூப்பர்வைசருக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? மறுபடி அடித்தான். மறுபடியும் இல்லை. “எடுடா, எடுடா,” என்று கத்தினான். கடைசியில் கேட்டில் இருக்கும் காவலாளிக்கு அடித்து, “அண்ணே, உள்ள ஓடுங்க. பின்னு பெட்டியத் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க. உத்தமன் சொன்னேன்னு சொல்லுங்க. நடக்காதீங்கண்ணே, ஓடுங்க!” என்று சொல்லிக்கொண்டே வராந்தாவுக்குப் போனான்.

கூடத்தில் எல்லோருக்கும் இப்போது கடிகாரத்தின் மேல்தான் கண். அனஸ் மட்டும், “அல்லா, டைமுக்குப் போயிடணும்,” என்று முணுமுணுத்தார்.

கிருபாகரன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். “இந்த ரூம்ல பேர் வந்துடுச்சுன்னா அடுத்த மாசம் எவனும் வாயத் தொறக்க மாட்டான்மா. தப்பு பூரா மறுபடி அலமாரிக்குள்ள போயிடும். இத வளர்க்க எனக்குப் பதினாறு வருஷம் ஆச்சு,” என்றார்.

“தெரியும் சார்.”

“நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல.”

“நீங்க செய்றதும் தப்பில்ல சார்.” அவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். அவர் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டார்.

“நாளைக்கு...” என்று தொடங்கினார்.

“வரல சார்.”

தன் போனைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டு அவள் வராந்தாவுக்கு வந்தாள். இத்தனைக்கும் அழுகை வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உத்தமன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். சட்டை முதுகு நனைந்திருந்தது.

“நிறுத்திட்டாங்கக்கா,” என்றான். “முதல் பெட்டிய முன்னாடியே ஒடைச்சிட்டாங்க. பதினாலு பிரேக்ல போட்டுட்டாங்களாம். எல்லாத்தையும் கழட்டச் சொல்லிட்டேன். ஒண்ணுகூட வெளிய போகல.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

உத்தமன் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். “அக்கா, லைன நிறுத்தினா ரிப்போர்ட் போடணும். தகவல் குடுத்தது யாருன்னு கேக்கறாங்க.” கூடத்தின் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “உங்க பேரு எதுக்குக்கா? சங்கத்துல ஒருத்தர் சொன்னாங்கன்னு போட்டுடறேன். ரூல் இருக்கு, யாருன்னு சொல்ல மாட்டேன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

“நான் இப்ப சங்கத்துல இல்லியே தம்பி,” என்றாள் எழிலரசி. “எழிலரசின்னே போடுங்க.”